வந்த காரணம்: உள்ளே உட்கார

வெளிநாட்டுப் பெரிய மனிதர் யாராவது மாமல்லபுரம் சிற்பங்களைப் பார்க்க ஆசைப்பட்டால் போதும், கண்ணாயிரம் அன்று காலையில் குளித்து, திருநீறு பூசி, சோற்றைக் கட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவார். யாரும் வந்து கூப்பிட வேண்டியதில்லை. பேப்பரில் செய்தி வந்த அன்றே மனைவி கண்ணகி கேட்டுவிடுவாள், "நாளிக்கு எலுமிச்சை சோறா, புளி சோறா?" என்று. மற்ற வீடுகளில் ஊருக்குப் போவதைப் பற்றிப் பேசுகிற மாதிரி இந்த வீட்டில் கைதாகப் போவதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள்.

அந்த ஸ்டேஷன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. எந்த ஊர் என்று சொல்லி யார் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொள்வானேன். நான்கு ஜன்னல், ஒரு வேப்பமரம், அதன் அடியில் ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சின் வலது ஓரம் கண்ணாயிரத்துக்கு உரியது. காலையில் வந்து உட்கார்ந்தால், வந்த பெரிய மனிதர் பத்திரமாக விமானம் ஏறிய பிறகு எழுந்து வீட்டுக்குப் போவார். அதற்குப் பெயர் முன்னெச்சரிக்கைக் கைது.

அப்படி என்ன பெரிய ரவுடி என்று கேட்கலாம். இருபத்து மூன்று வயதில் செய்யூர்ப் பக்கம் ஒரு கபடி ஆட்டத்தில் தகராறாகி, எதிர் அணிக்காரன் ஒருவன் கையைச் சவுக்குக் கட்டையால் உடைத்தார். இரண்டு வருஷம் கழித்து, அதே ஆளின் அண்ணனுடைய மண்டையை. இரண்டுமே தப்புதான், அவரே இல்லை என்று சொல்லமாட்டார். செங்கல்பட்டில் எட்டு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார். வந்தவர் அதே சவுக்குக் கட்டையை வாங்கி விற்கிற தொழிலைப் பிடித்துக்கொண்டார். பந்தலுக்கும் சாரத்துக்கும் கட்டை கொடுப்பார். சாலை ஓரம் தடுப்பு கட்ட போலீசே அவரிடம்தான் கட்டை வாங்கும். அவர் கட்டையெல்லாம் சாலையில் நின்று காவல் காக்கும். அவர் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பார். வயது ஐம்பத்தொன்று. தலையில் முடி இல்லை, இடது முட்டியில் வலி. ஆனால் ஸ்டேஷன் சுவரில் தொங்குகிற ரவுடிப் பட்டியல் பலகையில் மட்டும் இன்னும் சுருட்டை முடியோடு முறைத்துக்கொண்டிருந்தார்.

தானாகப் போய் உட்காருகிற இந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம் அவர் மகள் திவ்யா. அவள் ஐந்தாவது படிக்கும்போது ஒரு நாள் காலை, பள்ளிக்கூட வேன் வருகிற நேரத்துக்குச் சரியாக, தெருவுக்குள் போலீஸ் ஜீப் வந்தது. வேனில் இருந்த இருபது பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, அப்பாவைச் சட்டைகூடப் போடவிடாமல் ஏற்றிக்கொண்டு போனார்கள். திவ்யா ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. கேட்டதற்கு வயிற்று வலி என்றாள். கண்ணாயிரத்துக்கா தெரியாது என்ன வலி என்று! அன்றைக்கு முடிவு செய்தார், இனிமேல் நம் தெருவுக்குள் ஜீப் வரக்கூடாது என்று. அடுத்த முறை யாரோ வருகிறார்கள் என்று தெரிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்துத் தானே போய்விட்டார். அதன் பிறகு பதினான்கு வருஷமாக அந்தத் தெரு ஜீப்பைப் பார்க்கவில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமைகூட உண்டு.

ஸ்டேஷனில் அவருக்கு ஒட்டுதல் ரைட்டர் கோதண்டராமனோடு. ரைட்டர் என்றால் ஸ்டேஷன் கணக்கு வழக்கு, பதிவேடு எல்லாம் எழுதுகிற தலைமைக் காவலர், கண்ணாயிரத்துக்கு ஏட்டையா. மத்தியானம் எலுமிச்சை சோற்றில் பாதி ஏட்டையாவுக்குப் போய்விடும். கண்ணகியும் அதற்கென்றே இரண்டு பிடி கூட வைத்துக் கட்டுவாள்.

பிடிக்காதவர் என்றால் வரவேற்பு மேஜைக் காவலர் ஸ்ரீதேவி. மூன்று வருஷத்துக்கு முன்பு வந்து சேர்ந்த பெண். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலை பார்க்கிறவருடைய மகள். பால் வருகிற நேரத்தைக்கூடக் குறித்து வைக்கிற குடும்பம் போலிருக்கிறது. யார் படியேறினாலும் நீளமான நோட்டு ஒன்றைத் திருப்பி வைத்து, பெயர், வந்த நேரம், வந்த காரணம், கையெழுத்து என்று பிடித்துக்கொள்வாள். முதல் நாளே கண்ணாயிரத்துக்கும் அவளுக்கும் முட்டிக்கொண்டது.

"வந்த காரணம் சொல்லுங்க."

"உள்ள உக்கார."

"உள்ள உக்காரவா? எதுக்கு?"

"அதாம்மா, பெரியவங்க வராங்கல்ல. நான் வந்து உக்காந்துக்குவேன். பதினோரு வருசமா வந்துகினு கீறேன், ஒரு பயலும் கையெழுத்து கேட்டதில்ல. புச்சா இன்னா பேஜாரு இது?"

"எத்தனை வருஷமா இருந்தாலும் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் உள்ள போகணும்." அப்படியே எழுதினாள்: காலை 7.10, கண்ணாயிரம், உள்ளே உட்கார. அவர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அன்றையும் சேர்த்து ஏழு முறை வந்தார், ஏழு முறையும் முணுமுணுத்தார்.

வாழ்க்கை இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் திவ்யாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. படூரில் கல்லூரிப் படிப்பை முடித்து, அங்கே பக்கத்திலேயே ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை சரவணகுமார் அதே கம்பெனி. நல்ல பையன். ஆவணி மாதம், கோவளத்தில் மண்டபம், காலை ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம். பத்திரிகை அடித்து வந்து மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்கள். அப்போது டிவியில் செய்தி வாசித்தார்கள்: வெளிநாட்டுத் தலைவர் ஒருவர் மாமல்லபுரம் வருகிறார். தேதியைச் சொன்னதும் கண்ணகி கையிலிருந்த மஞ்சள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முகூர்த்த நாளேதான்.

"ஐயய்ய! இன்னாய்யா இது!" என்றாள். "அந்த ஆளுக்கு வேற நாளே கெடைக்கலியா?"

கண்ணாயிரம் நிதானமாகச் சொன்னார். "காலீல தாரை வாத்துக் குடுத்துட்டு, பத்தே முக்காலுக்கா பைக்க எடுத்துகினு போயி உக்காந்துக்கறேன். சாயங்காலம் வந்துருவேன்."

"நல்லாருக்கும்யா! சம்பந்தி வூட்டுக்காரங்க மாப்ள மாமனார் எங்கன்னு கேட்டா இன்னா சொல்றது? ஸ்டேசன்ல குந்திகினு கீறாருன்னா?"

திவ்யா வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீ போவலன்னா மண்டபத்துக்கு ஜீப் வருமாப்பா?" என்று கேட்டாள். பதினான்கு வருஷம் கழித்து அந்தப் பேச்சை அவள் எடுத்தது அன்றைக்குத்தான். கண்ணாயிரத்துக்கு வராது என்று சொல்ல வாய் வரவில்லை, வந்தாலும் வருமே.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போனார். ஸ்ரீதேவி நோட்டைத் திருப்பினாள். "இன்னைக்கு யாரும் வரலையே, நீங்க எதுக்கு வந்தீங்க?"

"ஐயாகிட்ட லீவு கேக்க."

அவள் ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, 'லீவு கேட்க' என்று எழுதிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் பார்த்தசாரதி வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. சட்டென்று கோபப்படாத மனிதர். கண்ணாயிரம் கையைக் கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். "பொண்ணு கல்யாணம்யா. அரை நாளு மட்டும் லீவு குடுத்தீங்கன்னா, முகூர்த்தத்த முடிச்சிகினு ஓடியாந்துருவேன். சோறுகூட இங்க வந்து துன்னுக்கறேன்."

இன்ஸ்பெக்டர் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இருய்யா. ஓடி வர்றியா? உன்னை நாங்கதானே பிடிச்சிட்டு வர்றோம்?" என்றார்.

"இல்லீங்கய்யா. நானாத்தான் வந்துகினு கீறேன்."

"யார் வரச்சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. நம்மளால எதுக்கு ஜீப்புக்கு டீசலு செலவுன்னு…"

இன்ஸ்பெக்டர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். கண்ணாயிரத்தின் சரித்திரப் பதிவேடு, அதாவது ஒரு ஆள் எப்போது என்ன செய்தான் என்று ஸ்டேஷன் எழுதி வைக்கிற ஜாதகம். அதைப் புரட்டிக்கொண்டே, "ஒழுங்கா இருக்கிறவங்க பேரைப் பட்டியல்லேர்ந்து எடுக்கச்சொல்லி மேலேர்ந்து உத்தரவு வந்திருக்கு. புதன்கிழமை டி.எஸ்.பி. அம்மாவே வந்து விசாரிக்கிறாங்க. ஆனா மூணு வருஷம் ஒரு பதிவும் இருக்கக்கூடாது. உனக்கு ஏழு இருக்கு. கேளு" என்று படித்தார். "'காலை எட்டேகால் மணிக்குப் பேருந்து நிறுத்தம் அருகே சந்தேகப்படும்படி சுற்றித் திரிந்தவர், காவலர்களைக் கண்டதும் ஓட முயன்றபோது துரத்திப் பிடித்துக் கைது செய்யப்பட்டார்.' ஏழும் இதேதான்."

"ஓட முயன்றேனா? இந்த முட்டிய வெச்சிகினா?" என்று கேட்டுவிட்டார் கண்ணாயிரம். கேட்ட மறுநிமிஷமே வாயை மூடிக்கொண்டார். அது யார் கையெழுத்து என்று அவருக்குத் தெரியும்.

வெளியே வந்தபோது கோதண்டராமன் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். கதவு திறந்திருந்ததால் எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"இன்னா ஏட்டையா இது?"

"நான் என்னய்யா பண்ணுவேன்? தானா வந்தான்னு எழுத அந்த ஃபாரத்துல இடமே கிடையாது. எங்க பிடிச்சே, எத்தனை மணிக்குப் பிடிச்சே, எப்படிப் பிடிச்சேன்னுதான் கேக்கும். எனக்கு முன்னாடி இருந்த ரைட்டர் எழுதினதைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். நீயும் பஸ்லதானே வந்து இறங்கினே?" கோதண்டராமன் முகம் விழுந்துவிட்டது. "எனக்கு எட்டு மாசத்துல ரிட்டயர்மெண்ட்டுய்யா. பொய்யா எழுதினேன்னு ஒரு மெமோ வந்துச்சுன்னா, பென்ஷன் என்ன ஆகும்னு தெரியல."

கண்ணாயிரம் பெஞ்சில் தன் வழக்கமான ஓரத்தில் போய் உட்கார்ந்தார். அட கஷ்டகாலமே! தெருவுக்குள் ஜீப் வரக்கூடாது என்று தானாக வந்தாரே, அந்த வருகைதான் இத்தனை வருஷம் அவரைப் பட்டியலில் பிடித்து வைத்திருந்தது. பேசாமல் வீட்டிலேயே படுத்துக் கிடந்திருந்தால்கூட ஒரு வேளை மறந்து தொலைத்திருப்பார்கள். இப்போது உண்மையைச் சொன்னால் இவர் பெயர் பட்டியலிலிருந்து போகும், ஆனால் ஏட்டையா தலை உருளும். சொல்லாவிட்டால் மகள் கல்யாணத்தில் ஜீப். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கண்ணகி திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். "அந்த மனுசன் நம்ம வூட்டு சோத்தத் துன்னவரு, கண்ணகி" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

புதன்கிழமை டி.எஸ்.பி. சியாமளா வந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த பெண்மணி. குரலை உயர்த்தாமலே எல்லாரையும் எழுந்து நிற்க வைத்துவிடுகிற ரகம். கண்ணாயிரம் முறை வந்ததும், பதிவேட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"மூணு வருஷத்துல ஏழு தடவை. ஏழு தடவையும் ஓட முயன்றிருக்கீங்க. என்ன சொல்றீங்க?"

கண்ணாயிரம் ரைட்டர் மேஜைப் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். சுவரில் சுருட்டை முடிக்காரன் முறைத்தான். "ஒண்ணும் சொல்றதுக்கு இல்லீங்கம்மா."

"தப்பு பண்ணீங்களா?"

"கபடி ஆட்டத்துல பண்ணேன். மண்டைய ஒடச்சது தப்புத்தான். அதுக்கப்புறம் இல்லீங்க."

"அப்ப இது?"

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். டி.எஸ்.பி. பேனா மூடியைத் திறந்தார். ஏழு பதிவு உள்ளவர் பெயருக்கு எதிரே என்ன எழுதப் போகிறார் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

"மேடம், ஒரு நிமிஷம்." வாசலில் ஸ்ரீதேவி நின்றாள். இடுப்பில் குழந்தையை வைத்திருப்பதுபோல் இரண்டு நீள நோட்டுகளை இடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துக்குப் பக்கம் சீட்டு வேறு சொருகியிருந்தாள். "அந்த ஏழு நாளும் இதுல இருக்கு. ஏழு நாளும் காலைல ஏழுலேர்ந்து ஏழேகாலுக்குள்ள அவரே வந்து கையெழுத்துப் போட்டிருக்கார். எட்டேகாலுக்கு அவர் பஸ் ஸ்டாப்புல சுத்தியிருக்க முடியாது மேடம். இந்த வேப்பமரத்தடியிலதான் உட்கார்ந்திருந்தார்."

டி.எஸ்.பி. நோட்டை வாங்கிப் படித்தார். "வந்த காரணம்: உள்ளே உட்கார." அடுத்த சீட்டு. "உள்ளே உட்கார." ஐந்தாவதில், "உள்ளே உட்கார. எலுமிச்சை சாதம் கொண்டுவந்துள்ளார்" என்று இருந்தது. டி.எஸ்.பி.யின் உதடு ஒரு பக்கம் லேசாகத் துடித்தது. ஆனால் சிரிக்கவில்லை.

"இதை எழுதினது யாரு?" என்று மற்றப் பதிவேட்டைத் தட்டினார்.

கண்ணாயிரம் அவசரமாக, "அம்மா, அவர ஒண்ணும் சொல்லாதீங்க. ஃபாரத்துல எடம் இல்ல. எனக்குத்தான் வூட்லேயே இருக்கத் தெரியல" என்றார். அதற்குள் கோதண்டராமன் தானே எழுந்து வந்துவிட்டார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றார்.

"நான்தாம்மா. அவர் தானாத்தான் வந்தார். பதினாலு வருஷமா தானாத்தான் வந்துட்டிருக்கார். அவர் சோத்தைத் தின்னுட்டு, ஓட முயன்றார்னு எழுதிட்டேன். எழுதும்போது தப்புன்னு தோணல. அன்னைக்கு இன்ஸ்பெக்டர் ஐயா படிச்சப்பதான், எனக்கே அசிங்கமா இருந்துச்சு."

டி.எஸ்.பி. பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே சொன்னார்: "ஏட்டு, அவர் வந்த ஒவ்வொரு நாளுக்கும் உண்மையா என்ன நடந்ததுன்னு தனித்தனியா எழுதி எனக்குக் கொடுக்கணும். பழசைப் பார்த்து எழுதக்கூடாது. ஒழுங்கா எழுதினா அத்தோட போச்சு. இன்ஸ்பெக்டர், தானா வர்றவங்களைக் கைதுன்னு எழுதறது இன்னையோட நிக்கணும். கண்ணாயிரம், உங்க பேரை எடுத்தாச்சு. இனிமே யார் வந்தாலும் நீங்க இங்க வரக்கூடாது. புரியுதா?"

"வரவே கூடாதாம்மா?"

"வரவே கூடாது."

கண்ணாயிரத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது. கும்பிட்டார்; திரும்பவும் கும்பிட்டார். இன்ஸ்பெக்டர் பலகையிலிருந்து போட்டோவைக் கழற்றியபோது, கிட்டப் போய்ப் பார்த்து, "இம்மாம் முடி இருந்துச்சா எனக்கு!" என்றார். அப்போதுதான் டி.எஸ்.பி. சிரித்தார்.

ஆனால் மறுநாள் காலையிலேயே அவர் திரும்பவும் ஸ்டேஷன் படியேறினார், கண்ணகியோடு. ஸ்ரீதேவி முறைத்தாள். "மேடம் என்ன சொன்னாங்க? வரக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

"நோட்ட இப்டிக் குடும்மா" என்று கண்ணாயிரம் தானே வாங்கி, வந்த காரணம் என்ற கட்டத்தில் கொட்டை கொட்டையாக எழுதினார்: மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க. இந்த முறை முணுமுணுக்காமல் கையெழுத்துப் போட்டார். கண்ணகி தட்டை நீட்டினாள். "எல்லாரும் வந்துரணும்மா. நீ மொத ஆளா வரணும்."

ஸ்ரீதேவி பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "அன்னைக்கு எங்க எல்லாருக்கும் பந்தோபஸ்து டூட்டி இருக்கும். பார்க்கிறேன்."

முகூர்த்த நாளன்று கோவளம் சாலை நெடுக அவருடைய சவுக்குக் கட்டைகள் தடுப்பாக நின்றன. எட்டு மணிக்கெல்லாம் சாலையை மூடப் போகிறார்கள் என்று தெரிந்து, சொந்தக்காரர்கள் ஆறரைக்கே வந்து நாஸ்தாவை ஒரு கை பார்த்துவிட்டார்கள். ஒன்பதேகாலுக்கு வெளியே வரிசையாகக் கார்கள் சீறிக்கொண்டு போன சத்தம் கேட்டது. மண்டபத்தில் பாதிப் பேர் ஜன்னலுக்கு ஓடினார்கள். கண்ணாயிரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மணமேடையில் உட்கார்ந்து மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுத்துக்கொண்டிருந்தார், கண்ணகி அந்தக் கைகள் மேல் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெரிய மனிதர் யாரென்று இன்றைக்குக் கேட்டாலும் அவருக்குத் தெரியாது.

மத்தியானம் பந்தி நடந்துகொண்டிருந்தபோது மண்டப வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தம். வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த திவ்யா, மாலையும் கழுத்துமாக அப்படியே எழுந்துவிட்டாள். முகம் வெளுத்துப்போய், பக்கத்தில் நின்ற அப்பாவின் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, ஜீப் வந்துகீதுப்பா."

கண்ணாயிரம் பார்த்தார். ஜீப்பிலிருந்து கோதண்டராமன் இறங்கினார், பின்னால் ஸ்ரீதேவி கையில் வண்ணத் தாள் சுற்றிய பொட்டலத்தோடு. வெயிலில் நின்று நின்று இரண்டு பேர் முகமும் கறுத்திருந்தது. வாசல் மேஜையருகே நின்று சந்தனம் எடுத்துக்கொண்டார்கள்.

"சாப்பிட வந்துகீதும்மா" என்று சொல்லிவிட்டு, இலை போடச் சொல்லப் பந்திப் பக்கம் போனார்.